குறிஞ்சி ஓட்டமும் நெய்தற் கரையும்

நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என வகுத்து, அவ்வந் நிலத்துக்குரிய தெய்வம், உணவு, பறை, தொழில், யாழ் முதலியவற்றைக் கருப்பொருளாக எண்ணிக் காட்டியவர் தொல்காப்பியர். நிலம் மாறின் அந்நிலத்து மக்களின் வாழ்க்கையும் மாறும் என்பது இவ்வகுப்பினாற் பெறப்படும். விளையாட்டும் இவ்விதிக்கு விலக்கன்று. கடலருகில் வாழ்வோர் நீந்தவும் தோணி வலிக்கவும் கற்கின்றனர். மலையருகில் வாழ்வோர் ஏறவும் இறங்கவும் கற்கின்றனர். ஆயின், ஒரு நிலத்திற் பிறந்த விளையாட்டு மற்றொரு நிலத்துக்குப் பொருந்துமோ என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

இங்கிலாந்தின் வடபாற் குன்றுகளிலும் ஸ்கொட்லாந்து மலைகளிலும் தோன்றிய மலையோட்டமும், அதனின்று கிளைத்த மலை மரதனும், பின்னர் எழுந்த சாகசப் போட்டியும் இன்று உலகின் பல நாடுகளிற் பயிலப்படுகின்றன. இவை மூன்றும் குறிஞ்சி நிலத்துக்கே உரியவை என்று எவர்க்கும் தோன்றும். மகா ஓயாவின் கழிமுகத்திலிருந்து சிலாபம், உடப்பு, கற்பிட்டி, புத்தளம் என வடக்கே நீண்டு குதிரைமலை முனையில் முடியும் புத்தளம் மாவட்டக் கரையோ தட்டையான நெய்தல் நிலம். இக்கரையில் மலை என்று பெயர் பூண்டது குதிரைமலை ஒன்றே. அதுவும் கடலலை அரித்த செம்மண் மேடேயன்றிக் குன்றன்று. எனினும், இவ்விளையாட்டுக்களின் உயிர் நிலத்தின் உயரத்தில் இல்லை. பாதையில்லா இடத்தில் வழியறிந்து, வேண்டுவனவற்றைத் தானே சுமந்து, காலநிலையை மதித்து, துணைவரைக் கைவிடாது சென்று மீளும் ஆற்றலே அவற்றின் உயிராகும். அவ்வாற்றல் புத்தளக் கரைக்குப் புதிதன்று என்பதும், அதை இக்கரை மாணவர் இழந்துவிடலாகாது என்பதும் இக்கட்டுரையிற் காட்டப்படும்.

மலையோட்டத்தின் தோற்றம்

வட இங்கிலாந்து மக்கள் தம் மரமற்ற உயர்ந்த குன்றுகளை ‘ஃபெல்’ என்பர். வடதேசத்தாரின் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்த இச்சொல்லே அவ்விளையாட்டின் பெயரிலும் அமைந்தது. அக்குன்றுகளில் ஓடுவோர்க்குப் பாதை வகுத்துக் கொடுக்கப்படுவதில்லை. கடக்கவேண்டிய சிகரங்களும் காவலிடங்களுமே குறிக்கப்படும். அவற்றிடையே புல்லும் சேறும் கல்லும் நிறைந்த நிலத்தில் எவ்வழிச் செல்வது என்பதை ஓடுவோரே தீர்மானித்தல் வேண்டும்.

இவ்வோட்டத்தின் வேர் தொழிலிற் கிடக்கின்றது. 11ஆம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்தை ஆண்ட மூன்றாம் மல்கம் மன்னன், விரைந்து செல்லும் தூதனைத் தேர்ந்தெடுத்தற் பொருட்டுப் பிரேமர் என்னும் ஊரருகில் மலையேற்றப் போட்டி ஒன்றை நடத்தினான் என்பது அந்நாட்டுச் செவிவழிச் செய்தி. பிற்காலத்தில் செம்மறி மேய்ப்போரும், மலை காண வந்தோர்க்கு வழிகாட்டியோரும் ஊர்த் திருவிழாக்களில் ஒருவரோடொருவர் போட்டியிட்டனர். 1895இல் வில்லியம் சுவான் என்பவர் பிரித்தானியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய பென் நெவிசில் (1345 மீற்றர்) ஏறி இறங்க 2 மணி 41 நிமிடம் எடுத்தார். அம்மலை ஓட்டங்களின் குறிக்கப்பட்ட வரலாறு அவருடன் தொடங்குகின்றது.

1932ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கெசிக் நகரில் விருந்தினர் விடுதி நடத்திய பொப் கிரகாம் என்பவர், அந்நகர் மண்டபத்திலிருந்து புறப்பட்டு 42 குன்றுகளைக் கடந்து, 24 மணி நேரத்துக்குள் புறப்பட்ட இடத்துக்கே மீண்டார். அவர் அணிந்தது சாதாரண டென்னிஸ் சப்பாத்து. அவர் உண்டவை ரொட்டியும் வெண்ணெயும் அவித்த முட்டையும் பழமுமே. ‘பொப் கிரகாம் வட்டம்’ என்று இன்று வழங்கும் அவ்வழி ஏறக்குறைய 106 கிலோமீற்றர் நீளமும், மொத்தமாகக் கூட்டிய ஏற்றம் ஏறக்குறைய 8200 மீற்றரும் உடையது.

இதன் அருமையை ஒரு கணக்கினால் உணரலாம். மலையில் நடப்போர்க்கு வேண்டிய நேரத்தை அளவிட 1892இல் வில்லியம் நெயிஸ்மித் என்பவர் ஒரு விதி வகுத்தார். தூரத்துக்கு 5 கிலோமீற்றருக்கு ஒரு மணி, ஏற்றத்துக்கு 600 மீற்றருக்கு ஒரு மணி எனக் கூட்டுவதே அவ்விதியின் சாரம். சிவனொளிபாத மலைக்கு நல்லதண்ணி வழியாக ஏறுவோர் ஏறக்குறைய 6 கிலோமீற்றர் நடந்து 1000 மீற்றர் உயர்கின்றனர். விதியின்படி தூரத்துக்கு ஒன்றே கால் மணியும் ஏற்றத்துக்கு ஒன்றே முக்கால் மணியுமாக மூன்று மணி ஆகும். யாத்திரிகரின் அனுபவமும் இதற்கு அணித்தானதே. இதே விதியின்படி பொப் கிரகாம் வட்டத்துக்கு 35 மணி வேண்டும். அவரோ ஒரு நாளுக்குள் முடித்தார்.

அவருக்குப் பின் வந்தோருள் யொஸ் நெயிலர் தலைசிறந்தவர். 1975இல் அவர் ஒரு நாளுக்குள் 72 சிகரங்களைக் கடந்தார். 2024இல் மறைந்த அவர் தொழிலால் செம்மறி வளர்ப்பவர். குன்றின் எந்தச் சரிவில் ஆட்டுத் தடம் உண்டு, எந்தத் தாழ்வில் சேறு உண்டு என்பதை அவர் வரைபடத்திலன்றித் தம் தொழிலிலேயே கற்றிருந்தார். நிலத்தோடு பழகிய அறிவே மலையோட்டத்தின் முதன்மையான மூலதனம் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

மலை மரதன்

ஓட்ட வேகத்தோடு வழியறியும் திறனையும் தற்காப்பையும் ஒருங்கே சோதிக்க எண்ணி 1968இல் இங்கிலாந்தில் மலை மரதன் தொடங்கப்பட்டது. இதில் இருவர் இருவராகச் சேர்ந்து இரண்டு நாள் ஓடுவர். கூடாரம், போர்வை, உணவு, அடுப்பு, மழையாடை யாவற்றையும் தாமே சுமப்பர். செல்லும் இடம் புறப்படும் வேளையிலேயே வரைபடத்தில் அறிவிக்கப்படும். முதல் நாள் முடிவில் மலையிலேயே கூடாரம் அடித்துத் துயின்று, மறுநாள் மீண்டும் ஓடுவர். வழியில் உணவோ உதவியோ அளிப்பார் இலர். இருவருள் ஒருவர் நின்றுவிடின் மற்றவர் தனியே தொடர்தல் ஆகாது.

இவ்விதிகள் வீண் கடுமையல்ல என்பதை 2008ஆம் ஆண்டு ஒக்டோபரில் நிகழ்ந்தது தெளிவாக்கிற்று. அவ்வாண்டுப் போட்டி போறோடேல் பள்ளத்தாக்கில் நடைபெற்றபோது புயலும் வெள்ளமும் தாக்கின, போட்டி கைவிடப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டக்காரர் எங்குள்ளனர் என்று தெரியவில்லை எனச் செய்தித்தாள்களும் வானொலியும் பரபரப்படைந்தன. அவர்களோ தாம் சுமந்து சென்ற கூடாரங்களிலும், மலைப்பண்ணைக் கொட்டில்களிலும் இரவைக் கழித்து, மறுநாள் இறங்கி வந்தனர். சிலர் சிறு காயமுற்றனரேயன்றி உயிரிழந்தார் எவருமிலர்.

இதற்கு மறுதலையாக 2021ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள் சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீற்றர் மலையோட்டத்தைக் கூறலாம். ஓடிய 172 பேரில் 21 பேர் குளிரினால் உயிரிழந்தனர். ஆலங்கட்டி மழையும் உறைகாற்றும் திடீரெனத் தாக்கியபோது அவர்களிற் பலரிடம் மெல்லிய ஆடையன்றி வேறொன்றுமில்லை. காற்றைத் தடுக்கும் மேலாடை கட்டாயமாக்கப்படவில்லை. அன்று அம்மலையில் இருந்த ஆட்டிடையர் ஒருவர், தாம் அறிந்த குகைக்கு ஆறு பேரைக் கொண்டு சென்று தீ மூட்டிக் காத்தார். உடல் வலிமையிற் சிறந்த ஓட்டக்காரர் மடிந்த இடத்தில் நிலமறிந்த இடையர் பிழைத்ததோடு பிறரையும் காத்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. சுமையைக் குறைத்தால் வேகம் கூடும் என்பது உண்மையே. ஆயின், எச்சுமையைக் குறைக்கலாகாது என்று அறிவதே இவ்விளையாட்டின் கல்வி.

சாகசப் போட்டி

மூன்றாவது வகையாகிய சாகசப் போட்டி ஓட்டத்தோடு துவிச்சக்கரவண்டி, தோணி, கயிற்றேற்றம் என்பவற்றையும் சேர்த்துக்கொண்டது. 1983இல் நியூசீலாந்தின் தென்தீவில் தொடங்கிய ‘கரையிலிருந்து கரைக்கு’ என்னும் போட்டியில், மேற்குக் கடற்கரையில் புறப்படுவோர் மலைத்தொடரை ஓடிக் கடந்து, ஆற்றில் தோணி வலித்து, 243 கிலோமீற்றருக்கு அப்பால் கிழக்குக் கடற்கரையை அடைவர். 1989இல் பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஜெரார் ஃபூசில் அந்நாட்டிலேயே பல நாட் போட்டி ஒன்றைத் தொடக்கினார். ஐவர் கொண்ட குழுவில் பெண் ஒருவரேனும் இருத்தல் வேண்டும் என்பதும், குழுவினர் யாவரும் ஒருங்கே முடித்தாலன்றி முடித்ததாகக் கொள்ளப்படமாட்டாது என்பதும் அதன் விதிகள். ஆகவே, குழுவின் வேகம் அதன் மெலிந்த உறுப்பினரின் வேகமே. வலியவர் மெலிந்தவரின் சுமையை வாங்கிச் சுமப்பது இங்கே கருணையன்று, வெற்றிக்கு வழி.

இப்போட்டிகள் வெப்பமண்டல நாடுகளுக்கு வந்தபோது புதிய இடர் ஒன்றும் வெளிப்பட்டது. 2000ஆம் ஆண்டு மலேசியாவின் சபா மாநிலத்தில் நடந்த சாகசப் போட்டியிற் பங்குபற்றியோர் பலர், நாடு திரும்பிய பின் காய்ச்சலுற்றனர். ஆராய்ந்தபோது அது எலிக்காய்ச்சல் எனத் தெளிவாயிற்று. வினவப்பட்ட 189 பேரில் 80 பேருக்கு நோயின் குறிகள் இருந்தன. செகாமா ஆற்றில் நீந்தியதே முதன்மையான காரணமாகக் கண்டறியப்பட்டது. 2008இல் இலங்கையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் ஐயத்துக்கு உள்ளாயினர் என்பதை நினைப்போர்க்கு, இச்செய்தி தொலைநாட்டுச் செய்தியாகத் தோன்றாது. வயற்சேற்றையும் வெள்ள நீரையும் கடந்து ஓடுதல் இங்கிலாந்தில் ஆடையை அழுக்காக்கும். இலங்கையிலோ, காலிற் சிறு கீறல் இருப்பின், உயிருக்கே இடர் தரும்.

புத்தளத்திலிருந்து சிவனொளிபாதம்

இம்மூவகை விளையாட்டுக்களின் கூறுகள் யாவும் அமைந்த செலவு ஒன்று, இவை தோன்றுவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே புத்தளக் கரையிலிருந்து புறப்பட்டது. மொறொக்கோ நாட்டுப் பயணியாகிய இப்னு பதூதா 1344இல் மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரைக்குச் செல்லப் புறப்பட்டு, காற்றின் போக்கினால் இலங்கையை அடைந்தார். அவர் இறங்கிய பட்டாலா என்னும் ஊர் புத்தளமே என்பது அறிஞர் துணிபு. அங்கே தங்கியிருந்த ஆரியச்சக்கரவர்த்தி அவரை உவந்தேற்று, முத்துக்களைப் பரிசளித்து, வேண்டுவது யாதென வினவினார். மலைமேலுள்ள திருவடியைத் தரிசிப்பதேயன்றி வேறு விருப்பம் தமக்கில்லை என்றார் பயணி.

அதன் பின் மன்னர் செய்த ஏற்பாடு கூர்ந்து நோக்கத்தக்கது. பல்லக்கும் அதைச் சுமப்போரும், ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்று வரும் யோகியர் நால்வர், அந்தணர் மூவர், ஏவலர் பதின்மர், உணவு சுமப்போர் பதினைவர் ஆகியோர் அவருடன் அனுப்பப்பட்டனர். வழியறிந்தார் வேறு, சுமப்பார் வேறு, பயணி வேறு எனப் பிரித்து அமைத்த இவ்வொழுங்கு இக்காலச் சாகசப் போட்டியின் துணைக்குழுவை ஒத்தது. தண்ணீர் சுமக்க ஆள் அமர்த்தப்படவில்லை. அவ்வழியில் நீர் மிகுதி என்று அவர் எழுதியுள்ளார். எதைச் சுமப்பது, எதைச் சுமவாது விடுவது என்பதை நிலமறிந்தோர் முன்னரே தீர்மானித்திருந்தனர்.

முதல் நாளிலேயே ஆறு ஒன்றை மூங்கிற் தெப்பத்தினாற் கடந்தனர். அடுத்து மன்னார் மண்டலி என்று பயணி குறிக்கும் எல்லையூரையும், சிலாபம் எனக் கருதப்படும் பந்தர் சலாவாத்தையும் அடைந்தனர். அப்பால் நீர் நிறைந்த கரடுமுரடான நிலமும் யானைக் காடும் எதிர்ப்பட்டன. மலையை அணுகியபோது அட்டைகள் பற்றின. அட்டை பாய்ந்து பற்றுமிடத்தில் எலுமிச்சஞ் சாற்றைப் பிழிந்து வீழ்த்தும் வழக்கத்தை அவர் பதிவு செய்துள்ளார். செங்குத்தான பாறைகளில் ஏறுவோர் பற்றுதற் பொருட்டு அமைந்த பத்துச் சங்கிலிகளையும், 2243 மீற்றர் உயரமுள்ள அச்சிகரத்திலிருந்து கீழே முகிற்கூட்டம் பரந்து கிடந்த காட்சியையும் அவர் விவரித்துள்ளார்.

மலைக்குச் செல்லும் வழிகள் இரண்டு என்பதும் அவர் கூற்று. ஒன்று எளிது, மற்றொன்று கடிது. எளிய வழியால் இறங்கி வரலாம். அவ்வழியால் ஏறியவரை மலையைத் தரிசித்தவராக மக்கள் மதிப்பதில்லையாம். முயற்சியே பயனின் பகுதி என்னும் இக்கருத்துத்தான் பொப் கிரகாமையும் யொஸ் நெயிலரையும் குன்றுகளுக்கு அழைத்தது. இடையிலுள்ள வேறுபாட்டையும் மறத்தலாகாது. யாத்திரிகன் தெய்வத்தை நாடிச் செல்கின்றான். ஓட்டக்காரன் தன் எல்லையை அறியச் செல்கின்றான். எனினும் இருவரும் பாதத்தால் அறியும் அறிவு ஒன்றே.

திருவடியைக் கண்ட பின் இப்னு பதூதா தெற்கே தேவேந்திர முனைக்கு இறங்கி, காலி, கொழும்பு வழியாகக் கரையோரமே நடந்து, தம் கப்பல் காத்து நின்ற புத்தளத்துக்கு மீண்டார். கடற்கரையிற் புறப்பட்டு, மலையேறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிய இச்செலவை ஒரு பெரு வட்டம் எனலாம். முசிலிம் பயணி ஒருவர் சைவ மன்னரின் ஆதரவில், யோகியரும் அந்தணரும் வழிகாட்டச் சென்றது இவ்வட்டத்தின் தனிச் சிறப்பு.

மணலின் ஏற்றம்

மலைக்குச் செல்லாமல் இக்கரையிலேயே நிற்போர்க்கு என்ன பயிற்சி உண்டு எனின், மணல் உண்டு. 1998இல் பெல்ஜிய ஆய்வாளர் செய்த அளவீட்டின்படி, மணலில் நடப்பவர் கெட்டியான நிலத்தில் நடப்பவரைவிட இரண்டு மடங்குக்கு மேற்பட்ட சக்தியைச் செலவிடுகின்றார். ஓடுபவர்க்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேண்டும். பாதம் அழுந்தும்போது மணலை விலக்குவதிலேயே உழைப்பின் ஒரு பகுதி வீணாவது இதன் காரணம். மலையில் உயரம் செய்வதை இங்கே மணல் செய்கின்றது. கரைவாழ் மக்கள் இவ்வாராய்ச்சி இன்றியே இதனை அறிவர். அலை நனைத்துச் சென்ற ஈரமணல் இறுகியிருக்கும். மேலுள்ள உலர்மணல் காலை விழுங்கும். ஆதலின், அவர்கள் நீர்விளிம்பை ஒட்டியே நடப்பர். ஆட்டுத் தடத்தைத் தேடும் மலையோட்டக்காரனின் அறிவும் இதுவே.

காற்றை அறிதலும் அவ்வாறே. இலங்கைத் தமிழ்க் கடற்றொழிலாளர் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றுக்களைப் பெயரிட்டு வேறுபடுத்துவர். எக்காற்றிற் கடல் கொந்தளிக்கும், எக்காற்றில் தோணி வெளிக்கிடலாம் என்னும் அறிவு அவர்க்கு உயிர்க்காப்பு. மே முதல் ஒக்டோபர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றை நாடி, பட்டத்தினால் இழுக்கப்பட்டு நீர்மேற் பலகையிற் சறுக்கும் விளையாட்டை ஆடுவோர் இன்று பல நாடுகளிலிருந்தும் கற்பிட்டிக்கு வருகின்றனர். தொழிலாளரை அச்சுறுத்திய காற்று விளையாட்டுக்கு உறுதுணையாயிற்று. ஆயினும் அக்காற்றை மதியாதார்க்கு அது இன்றும் பகையே.

உடப்புக் கிராமத்தின் கரைவலைத் தொழில் மற்றொரு பள்ளி. வலையின் ஒரு கயிற்றைக் கரையில் நிறுத்தி, தோணியில் அரைவட்டமாக வலையை விட்டு, மறு கயிற்றைக் கரைக்குக் கொணர்ந்து, இரு குழுவினரும் ஒத்து இழுப்பர். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணி மீன் தப்பும். அம்பாப் பாடலின் தாளம் எல்லோருடைய காலையும் கையையும் ஒன்றாக்குகின்றது. மெலிந்தவரின் வேகமே குழுவின் வேகம் என்று பிரெஞ்சுப் பத்திரிகையாளர் வகுத்த விதியை, அக்கயிறு நெடுங்காலமாகக் கற்பித்து வருகின்றது.

பிரேமர் மலையில் மன்னன் தேடிய தூதனுக்கு நிகரானோரும் இக்கரையில் இருந்தனர். புகையிரதமும் நல்ல வீதியும் வருமுன், கொழும்பிலிருந்து புத்தளம், மன்னார் வழியாக யாழ்ப்பாணம் நோக்கிய கரைவழியில் தபாற்பைகளைக் கொண்டு சென்றோர் ஓட்டக்காரரே. குறித்த இடத்தில் ஒருவர் நிறுத்த மற்றொருவர் ஏற்று ஓடும் இவ்வொழுங்கில், மணலும் ஆற்றுமுகமும் யானைக் காடும் அவர்களது நாளாந்தப் பாதையாயின. அவர்கள் பெயர்கள் எந்தப் பந்தயப் பட்டியலிலும் இடம்பெறவில்லை.

கரையின் வட எல்லையாகிய குதிரைமலை முனை பழைய வரலாற்றிலும் இடம்பெறுவது. உரோம ஆசிரியர் பிளினி குறிப்பிடும் ஹிப்புரோசு துறைமுகம் இதுவே எனக் கருதும் அறிஞர் உளர். குதிரை என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல் அப்பெயரில் தொனிப்பது அவர்க்குத் துணை. புறநானூற்றிற் பாடப்பெற்ற பிட்டங்கொற்றனின் குதிரைமலையை முதலியார் இராசநாயகம் இம்முனையோடு இணைத்தார். வேறு பலர் அதனைக் கொங்கு நாட்டில் வைப்பர். எவ்வாறாயினும், கடலிலிருந்து கரைகாணும் மாலுமிக்கு அச்சிறு மேடு மலையாகத் தோன்றியதில் வியப்பில்லை. வழியறிவார்க்கு உயரத்தினும் அடையாளமே பெரிது.

மாணவர் பயிற்சிக்கு உரியன

இத்துணைச் செல்வம் உள்ள கரையில், பள்ளி மாணவர் நெடுந்தூரம் ஓடும் வாய்ப்புப் பெரும்பாலும் இல்ல விளையாட்டுப் போட்டியை ஒட்டிய மரதன் ஓட்டத்தோடு முடிகின்றது. தார் வீதியில், ஆண்டுக்கு ஒரு முறை, போதிய பயிற்சியின்றி, வெயில் ஏறிய பின் ஓடுவதால் வலிமை வளர்வதினும் இடர் வளர்வதே மிகுதி. வெப்பத்தில் ஓடும் உடல் மணிக்கு ஒரு லீற்றருக்கு மேலும் வியர்வை இழக்கும். வியர்வையோடு உப்பும் போகின்றது. நீர் குறைந்தாற் கேடு என்பதை யாவரும் அறிவர். நீரை மட்டும் அளவிறந்து குடித்தாலும் கேடு என்பதை அறிவோர் சிலரே. 2002ஆம் ஆண்டு பொஸ்ரன் மரதனை முடித்தோரில் 488 பேரின் குருதியைச் சோதித்தபோது, நூற்றுக்குப் பதின்மூவர் உப்பளவு குறைந்தவராய்க் காணப்பட்டனர். உப்பளங்களுக்குப் பெயர்போன புத்தளத்தில், உப்பிட்ட கஞ்சியும் மோரும் வெயிலில் உழைப்போரின் பானமாய் அமைந்தது காரணமின்றி அன்று.

இவ்விளையாட்டுக்களை இக்கரையில் தொடங்க விழைவோர் பரிசுக் கிண்ணத்திலிருந்தன்றி நடையிலிருந்து தொடங்குதல் தகும். சாரணர் பயிற்சியில் உள்ள வரைபடமும் திசைகாட்டியும் இதற்கு முதற் கருவிகள். நால்வர் கொண்ட சிறு குழு, ஊர்ப் பெரியவர் ஒருவரோடு, விடியற்காலையில் ஐந்து கிலோமீற்றர் கரை நடந்து, காற்றின் திசையையும் மணலின் தன்மையையும் ஆற்றுமுகத்தின் ஆழத்தையும் குறித்து வருதல் முதற்படி. அடுத்த படியில் அதே வழியை வரைபடத்தில் தாமே வரைந்து, நெயிஸ்மித் விதியைப் போல மணலுக்கு ஒரு விதியைத் தாமே கண்டு, எடுத்த நேரத்தோடு ஒப்பிடுதல். ஓட்டம் அதற்குப் பின்னரே. எவர் முதலில் வந்தார் என்பதற்கு முன், எல்லோரும் வந்தனரா என்பது கேட்கப்படல் வேண்டும். திரும்பி வரத் தீர்மானித்த குழுவைத் தோற்ற குழுவாக எண்ணாமையும் விதிகளுள் ஒன்றாதல் வேண்டும்.

எல்லைகளும் உள. வில்பத்துத் தேசிய வனத்தினுள் கால்நடையாகச் செல்ல அனுமதியில்லை. யானையும் சிறுத்தையும் கரடியும் வாழும் காட்டில் அது நியாயமே. ஏறக்குறைய 327 சதுரக் கிலோமீற்றர் பரந்த புத்தளக் களப்பின் ஓரத்தில் கண்டற் காடுகள் மீனும் இறாலும் பெருகும் தொட்டில்கள். 1980களிலும் 1990களிலும் இறாற் பண்ணைகளுக்காக அவற்றுட் பல அழிக்கப்பட்டன. எஞ்சியவற்றைப் பல கால்கள் மிதித்தலாகாது. கரைவலை இழுக்கும் வேளையில் அக்கரை தொழிலாளருடையது. ஓடுவோர் விலகிச் செல்லக் கடவர். மழைவெள்ளம் தேங்கிய வயலையும் ஓடையையும் கடக்கும் வழிகளைத் தவிர்த்தல் எலிக்காய்ச்சலிலிருந்து காக்கும்.

மலையோட்டத்தைப் பிறநாட்டார் வளர்த்தது, தம் இடையரும் வழிகாட்டிகளும் பெற்றிருந்த அறிவை இழவாது விளையாட்டாக்கியதனால். அவ்வாறே புத்தளக் கரையிலும் தோணியும் வலையும் தபாற்பையும் யாத்திரையும் கற்பித்த அறிவு, அத்தொழில்கள் மாறும்போது உடன்மறைந்து போகாமல் இளைஞர் கால்களுக்கு வந்து சேர்தல் வேண்டும். தந்தையர் காற்றைப் பெயர் சொல்லி அழைக்க, மைந்தர் அதனைக் கைபேசியில் மட்டுமே காண்பாராயின், கான்சு மலையில் நேர்ந்தது கடற்கரையிலும் நேரலாம். ஆரியச்சக்கரவர்த்தி அயல்நாட்டு விருந்தினரை மலைக்கு அனுப்பியபோது வலியவர்களை மட்டும் உடனனுப்பவில்லை, வழியறிந்தவர்களையும் அனுப்பினார். அம்மன்னர் கண்ட முறையே இன்றும் முறையாகும்.